மாரியோவைக் காப்பாற்றிய பாலீன்

மூன்று வயது மகள் கேட்ட கேள்விக்கு "அதெல்லாம் முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு எந்த அப்பாவும் தூங்கப் போயிருப்பார். மைக் மைக்காவும் முதலில் அப்படித்தான் சொன்னார். ஆனால் தூங்கப் போகவில்லை.

2013 மார்ச். மைக்கா அமெரிக்காவில் வீடியோ கேம் உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவர். மகளும் அவரும் சேர்ந்து பழைய கேம்களை ஆடுவார்கள். மகளுக்குப் பிடித்தது ‘டாங்கி காங்’. ஒரு கொரில்லா பாலீன் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சாரத்தின் உச்சிக்குப் போய்விடும். மாரியோ ஏணி ஏறி, உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து அவளை மீட்க வேண்டும். ஒருநாள் குழந்தை கேட்டாள்: நான் அந்தப் பெண்ணாக ஆடி மாரியோவைக் காப்பாற்றலாமா? இன்னொரு மாரியோ கேமில் அவள் இளவரசியாக ஆடியிருக்கிறாள். இதிலும் முடியும் என்றே நினைத்துவிட்டாள். முடியாது என்றதும் முகம் வாடிப்போனது. அப்பா நள்ளிரவில் கணினி முன்னால் உட்கார்ந்து, கேமின் உள்ளே கைவைத்தார். வேலை முடிந்தபோது திரையில் பாலீன் ஏணி ஏறிக்கொண்டிருந்தாள், உச்சியில் மாரியோ சிறைப்பட்டு நின்றார்.

கேமை உருவாக்கிய நிறுவனத்தின் மூலநிரல் அவரிடம் இல்லை. யாரும் அவருக்கு உதவிக் கையேடு தரவில்லை. கையில் இருந்ததெல்லாம் கேசட்டுக்குள் இருக்கும் எண்களின் நகல் மட்டுமே. அந்த நகலுக்கு ‘ரோம்’ என்று பெயர். அதைத் திருத்தி எழுதுவது ‘ரோம் ஹேக்’. ஒரு பழைய கேமின் எண்களை மாற்றி ஆணைப் பெண்ணாகவும், மீட்பவரைக் கைதியாகவும் எப்படி ஆக்க முடிகிறது? இதை விளங்கிக்கொள்ள அந்தக் கேசட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்தால் முதலில் தென்படுவது அதன் சிறுமைதான். நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவி ஜப்பானில் 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்தபோது உடன் வந்த முதல் கேம்களில் ‘டாங்கி காங்’ ஒன்று. அதன் மொத்த அளவு 24,576 பைட். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு பெட்டி. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு போட்டோவின் இடத்தில் 120 டாங்கி காங் கேம்களை அடுக்கலாம். பீப்பாய், ஏணி, இசை, மதிப்பெண், கொரில்லாவின் கோபம் எல்லாம் அந்த 24,576 எண்களுக்குள். பிடிக்க இடம் போதாமல், காசு போட்டு ஆடும் ஆர்கேடு எந்திரத்தில் இருந்த ஒரு கட்டத்தையே விட்டுவிட்டார்கள். 2010இல் வந்த மறுபதிப்பில்தான் அந்தக் கட்டம் திரும்பச் சேர்ந்தது. மைக்கா எடுத்துக்கொண்டது அந்த 2010 பதிப்பை.

கருவிக்கும் பெரிய மூளை இல்லை. 6502 என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சில்லு, நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பு. வேலை நினைவகம் 2,048 பைட். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகும் என்பதால், இந்தக் கட்டுரையின் நீண்ட பத்தி ஒன்றைக்கூட அந்த நினைவகத்துக்குள் முழுதாகத் திணிக்க முடியாது. திரையிலோ 256 × 240, அதாவது 61,440 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட் வைத்தால்கூட நினைவகத்தைப் போல் முப்பது மடங்கு வேண்டும். எப்படிச் சமாளித்தார்கள்?

வீட்டுத் தரையைப் போல. தரை முழுவதையும் யாரும் ஓவியமாக வரைவதில்லை, டைல்ஸ் பதிக்கிறோம். ஃபேமிகாம் திரையும் 8 × 8 புள்ளி கொண்ட டைல்களால் ஆனது: அகலத்தில் 32, உயரத்தில் 30. கேசட்டில் டைல் வடிவங்கள் ஒருமுறை மட்டும் இருக்கும். ‘இந்தக் கட்டத்தில் 36ஆம் டைல், அடுத்ததில் 12ஆம் டைல்’ என்ற பட்டியலை மட்டும் கருவி வைத்துக்கொள்ளும். திரை முழுவதையும் 960 எண்களில் சொல்லிவிடலாம். அவற்றுக்கு வண்ணம் சொல்ல இன்னும் 64. ஆக மொத்தம் 1,024 பைட்.

ஒரு டைலை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். வாசலில் எட்டுக்கு எட்டு புள்ளி வைத்த கோலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு வாய்ப்புகள்: 0 என்றால் வெறும் தரை, 1, 2, 3 என்றால் மூன்று வண்ணப் பொடிகள். ஒரு வரிசையில் 0, 0, 1, 1, 2, 2, 3, 3 என்று வைக்க வேண்டும் என்றால் கேசட் அதை நேராக எழுதி வைக்காது. இரண்டு தாள்களாகப் பிரித்து வைக்கும். முதல் தாளில் ஒவ்வொரு எண்ணும் ஒற்றைப்படையா என்ற விடை மட்டும்: 0 0 1 1 0 0 1 1. இரண்டாம் தாளில் எண் இரண்டோ அதற்கு மேலோ என்ற விடை: 0 0 0 0 1 1 1 1. இரும எண்களாகப் படித்தால் முதலாவது 51, இரண்டாவது 15. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நான்கு வண்ணக் கோலம் தெரியும். வரிசைக்கு இரண்டு பைட், எட்டு வரிசைக்கு 16 பைட். ஒரு டைல் அவ்வளவுதான். கேசட்டின் 8,192 பைட் ஓவியப் பகுதியில் மொத்தம் 512 டைல்கள்.

திரையில் நகரும் உருவங்களுக்கு ‘ஸ்பிரைட்’ என்று பெயர். அவையும் இதே டைல்கள்தான். பின்னணிக் கட்டங்களோடு ஒட்டாமல் எங்கே வேண்டுமானாலும் மிதக்கும், அவ்வளவே வித்தியாசம். ‘டாங்கி காங்’கின் மாரியோ 16 × 16 புள்ளிச் சதுரம், அதாவது நான்கு டைல், 64 பைட். மாரியோவின் முகமே இந்தச் சதுரத்தின் நெருக்கடியில் பிறந்ததுதான். கேமை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ அவரை வரைந்தபோது வாயைக் காட்ட இடமில்லை, மீசை வைத்தார். தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி போட்டார். வீசும் கை உடம்போடு கலந்துவிடாமல் தனியே தெரிய வேண்டும், மேலாடையும் தோள்வார் வைத்த கால்சட்டையும் வேறு வேறு நிறத்தில் வந்தன. உலகத்துக்கே தெரிந்த ஒரு முகத்தைப் புள்ளிப் பற்றாக்குறை வடித்திருக்கிறது.

மைக்காவும் அதே சதுரத்துக்குள்தான் வேலை செய்தார். மாரியோ நடப்பது, குதிப்பது, ஏணி ஏறுவது, சுத்தியல் வீசுவது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் உண்டு. அவை ஒவ்வொன்றையும் பாலீனாக மறுபடி வரைந்தார். பழைய எண்கள் இருந்த அதே இடத்தில் புதிய எண்கள். கேமின் நிரலுக்கு எந்தச் சேதியும் போகவில்லை. அது வழக்கம்போல ‘இந்த டைலைக் காட்டு’ என்கிறது, காட்டப்படுவது வேறு ஆள். குதிக்கும் உயரமும் ஓடும் வேகமும் பீப்பாய் இடித்தால் விழுவதும் அப்படியே இருக்கின்றன. வேடம் மட்டுமே மாறுகிறது. தெருக்கூத்தில் ஆண்களே திரௌபதி வேடம் கட்டி ஆடுவது போல.

வண்ணம் தனிக் கதை. டைலுக்குள் 1, 2, 3 என்ற எண்கள்தான் உண்டு, சிவப்பு, நீலம் என்று எதுவும் இல்லை. 1 என்றால் எந்த நிறம் என்பதை ‘வண்ணத்தட்டு’ என்ற தனிப் பட்டியல் சொல்லும். ஸ்பிரைட்டுகளுக்கு நான்கு தட்டு, பின்னணிக்கு நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பின்புல நிறம். ஒரு நேரத்தில் திரையில் அதிகபட்சம் 25 நிறங்கள். மைக்கா இருவரின் தட்டுகளையும் மாற்றி வைத்தார். ஓவியத்தைத் தொடாமலே ஆடையின் நிறம் மாறும் வழி இது.

இந்தப் பிரிப்பு எவ்வளவு சாமர்த்தியமானது என்பதைப் பார்க்க ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமின் முதல் காட்சி போதும். வானத்தில் வெள்ளை மேகம், தரையில் பச்சைப் புதர். இரண்டையும் உற்றுப் பாருங்கள். அச்சு அசலாக ஒரே வடிவம்! மேகத்துக்கு ஒரு தட்டு, புதருக்கு வேறொரு தட்டு, டைல்கள் ஒன்றே. கோடிக்கணக்கான பேர் பல ஆண்டுகள் ஆடியும் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் பகிர்வு என்றால் அதில் வம்பும் உண்டு. மேகத்தைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் அதை ஒரு பட்டமாக வரைந்தால், கீழே புதர்களெல்லாம் பச்சைப் பட்டங்களாகித் தரையில் கிடக்கும். எழுத்துகளிலும் இதே கதை. அந்தக் கேமில் ‘எம்’ என்ற எழுத்துக்கு ஒரே டைல்தான். மாரியோ பெயரின் முதல் எழுத்தை மாற்ற நினைத்து அந்த டைலைப் ‘பி’யாக வரைந்துவிட்டால், திரையின் மேலே நேரத்தைக் காட்டும் ‘டைம்’ என்ற சொல் ‘டைப்’ ஆகிவிடும். ஆகவே தேர்ந்த ஹேக்கர் ஒரு டைலைத் தொடுமுன், அதை வேறு யார் யார் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார்.

அந்த எழுத்துகள் கேசட்டில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. கணினிகள் ‘ஏ’ எழுத்துக்கு 65 என்ற எண்ணை வைப்பது பொது வழக்கம். பழைய கேம்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; டைல் பட்டியலில் எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுவே அதன் எண். அந்த எண் வெளியாருக்குத் தெரியாது. அப்படியானால் ‘மாரியோ’ என்ற சொல்லை எப்படித் தேடுவது? எண்களைத் தேடாமல் இடைவெளிகளைத் தேடலாம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் ஐந்து எழுத்துகள் அகரவரிசையில் 13, 1, 18, 9, 15ஆம் இடங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போக 12 குறைய வேண்டும், அடுத்ததுக்கு 17 கூட வேண்டும், பிறகு 9 குறைய வேண்டும், பிறகு 6 கூட வேண்டும். தொடக்க எண் எதுவாக இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் மாறாது. சுருதி மாற்றிப் பாடினாலும் ராகம் பிடிபடுவது போல. கோப்பு முழுவதும் இந்த மெட்டைத் தேடினால் 22, 10, 27, 18, 24 என்ற வரிசையில் போய் நிற்கும். ‘ஏ’ என்றால் 10 என்று தெரிந்துவிட்டது. மற்ற 25 எழுத்துகளும் தாமாகவே வந்து கையில் விழும்.

ஓவியமும் எழுத்தும் பார்க்க முடிந்தவை. கேமின் நடத்தையையே மாற்ற வேண்டும் என்றால் நிரலுக்குள் போக வேண்டும். அங்கேதான் என்னை மிகவும் வியக்கவைத்த ஒற்றை பைட் இருக்கிறது.

‘சூப்பர் மாரியோ’வில் குழியில் விழுந்தால் ஓர் உயிர் போகும். அந்தக் கணத்தில் சில்லு படிப்பது மூன்று எண்களை: 206, 90, 7. இதில் 206 என்பது கட்டளை: ‘சொல்லப்படும் நினைவகப் பெட்டியில் உள்ள எண்ணில் ஒன்றைக் குறை’. எந்தப் பெட்டி? 90, 7 என்பது அதன் முகவரி, சிறிய பகுதி முன்னால், பெரிய பகுதி பின்னால்: 7ஐ 256ஆல் பெருக்கி 90 கூட்டினால் 1,882. மாரியோவின் உயிர்கள் 1,882ஆம் பெட்டியில் குடியிருக்கின்றன. அடுத்த கட்டளை: ‘இப்போது கிடைத்த விடை பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையென்றால் ஆட்டத்தைத் தொடர்’. கேம் தொடங்கும்போது திரையில் மூன்று உயிர் என்று காட்டினாலும் பெட்டியில் இருப்பது 2தான். பூஜ்யமும் ஒரு கடைசி உயிர்.

இப்போது 206 என்ற அந்த ஒரே எண்ணை 173 என்று மாற்றுங்கள். 173 என்றால் ‘சொல்லப்படும் பெட்டியில் உள்ள எண்ணைப் படி’. குறைப்பதில்லை, வெறுமனே படிப்பது. மாரியோ விழுகிறார், சில்லு 1,882ஆம் பெட்டிக்குப் போகிறது, எட்டிப் பார்க்கிறது, கதவை மூடிவிட்டு வந்துவிடுகிறது. உயிர் குறையவே இல்லை!

இந்த 173ஐத் தேர்ந்தெடுத்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள். ‘குறை’யும் ‘படி’யும் மூன்று பைட் நீளக் கட்டளைகள், ஒன்றின் இருக்கையில் மற்றொன்று இடித்துக்கொள்ளாமல் உட்காரும். அதைவிட முக்கியமானது: இரண்டுமே வேலை முடிந்ததும் விடை பூஜ்யத்துக்குக் கீழேயா இல்லையா என்று ஒரு கொடியை ஏற்றி வைக்கும். அடுத்து வரும் ‘கீழே போகவில்லையென்றால் தொடர்’ என்ற கட்டளை அந்தக் கொடியைத்தான் பார்க்கிறது. தனக்கு முன்னால் ஆள் மாறியது அதற்குத் தெரியவே தெரியாது.

இந்த மாற்றத்தைக் கேசட்டைத் தொடாமலேயே செய்ய 1990இல் ஒரு கருவியும் வந்தது: ‘கேம் ஜீனி’. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கியது. கேசட்டுக்கும் கருவிக்கும் நடுவே அதைச் செருகினால், சில்லு 37,337ஆம் முகவரியில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது குறுக்கே புகுந்து 206 என்பதற்குப் பதில் 173 என்று சொல்லிவிடும். முகவரியையும் புதிய எண்ணையும் ஆறு எழுத்துச் சங்கேதமாகக் கலைத்து அடக்கியிருந்தார்கள். நின்டெண்டோ அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 1992இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பது இப்படி நடந்துவிடும். புதிதாகச் சேர்ப்பதுதான் கஷ்டம். நிரலில் ஒவ்வொரு கட்டளையும் மற்றவற்றை முகவரியால்தான் அழைக்கிறது. தெருவில் 12ஆம் எண் வீட்டுக்கும் 13ஆம் எண் வீட்டுக்கும் நடுவே ஒரு புது வீட்டைக் கட்டி, அதற்கு அப்பால் எல்லோருடைய கதவெண்ணையும் ஒன்று கூட்டினால் தபால் என்ன ஆகும்? கடிதங்கள் எல்லாம் பக்கத்து வீட்டில் போய் விழும். கேம் உறைந்து நிற்கும். ஆகவே ஹேக்கர்கள் நடுவில் எதையும் செருகுவதில்லை. இருக்கும் ஒரு மூன்று பைட் கட்டளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 32 என்று தொடங்கும் மூன்று பைட்டை வைக்கிறார்கள். ‘கோப்பின் கடைசியில் காலியாகக் கிடக்கும் இன்ன முகவரிக்குப் போய் வேலையை முடித்துவிட்டு இங்கேயே திரும்பி வா’ என்று பொருள். அந்தக் காலி மனையில் தங்கள் புது நிரலை எழுதுகிறார்கள், அகற்றிய பழைய கட்டளையையும் அங்கே மறக்காமல் சேர்க்கிறார்கள், கடைசியில் 96 போட்டு வந்த வழியே அனுப்புகிறார்கள். கடன் வாங்கிய செங்கல்லைத் திருப்பி வைத்துவிட்டு வருவது போல.

காலி மனையே இல்லாவிட்டால்? ‘சூப்பர் மாரியோ’வில் அந்த நிலைதான். 32,768 பைட் நிரல் பகுதி ஏறக்குறைய முழுக்க நிரம்பியிருக்கிறது. சில்லால் ஒரே நேரத்தில் அவ்வளவைத்தான் பார்க்க முடியும். இதற்கும் வழி உண்டு. மேசை சிறியது என்றால் புத்தகங்களை மாற்றி மாற்றி வைத்துப் படிக்கலாம்; கேசட்டுக்குள் ‘மேப்பர்’ என்ற துணைச் சில்லு இருந்தால் அது அலமாரியிலிருந்து வேண்டிய புத்தகத்தை எடுத்து மேசையில் வைக்கும். ஆனால் நேரத்துக்கு மேப்பர் கிடையாது. திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒரு மாற்றத்துக்குள் சில்லுக்குக் கிடைப்பது சுமார் 29,780 துடிப்பு. ஒவ்வொரு கட்டளையும் இரண்டு முதல் ஏழு துடிப்பைத் தின்னும். புது எதிரி ஒருவன் கூடுதலாக யோசித்தால் மாரியோவின் நடை தடுமாறும்.

கட்டங்களை மாற்றுவது இதைவிட எளிது. அதனால்தான் மாரியோ ஹேக்குகளில் பெரும்பாலானவை புதுக் கட்டங்கள். முதல் கட்டம் முழுவதும், குழாய், செங்கல், படிக்கட்டு, கடைசிக் கொடிமரம் வரை, சுமார் 100 பைட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே பைட்: எங்கே, என்ன. ஊருக்கு வழி சொல்பவர் மண்ணையும் புல்லையும் வர்ணிக்கமாட்டார், ‘அரசமரம் தாண்டி இடது பக்கம் இரண்டாவது வீடு’ என்பார். கேசட்டும் அப்படித்தான் பேசுகிறது. பின்னாலிருக்கும் மலையும் மேகமும் அதில் சேர்த்தியே இல்லை; 48 செங்கல் அகலத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் பொதுத் திரைச்சீலை அவை.

நம்மூர்ப் பிள்ளைகள் ரோம் ஹேக் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதை ஆடியிருக்கிறார்கள். 1990களில் நம் வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’கள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று எழுதியிருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு! பட்டியலைப் புரட்டிக்கொண்டே போனால் உண்மையில் சில கேம்கள்தான் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். ஒன்றில் மாரியோ முதல் உலகத்தில் தொடங்குவார், வேறொன்றில் நடு உலகத்தில். ‘கான்ட்ரா’ என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் ஒரு வடிவில் முதலிலேயே நல்ல துப்பாக்கி கையில் இருக்கும். ஏமாற்று வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவர் தொடக்கக் கட்டம் எந்தப் பெட்டியில், ஆயுதம் எந்தப் பெட்டியில் என்று தேடிப் பிடித்து, கேம் தொடங்குமுன் அதில் வேறு எண்ணைப் போட்டுவிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறார். அந்தத் திறமையை எப்படி மறுப்பது?

இன்றைய ஹேக்கர்கள் கேமை விநியோகிப்பதில்லை. கேம் இன்னொருவரின் உடைமை. தாங்கள் செய்த மாற்றம் மட்டுமே தங்களுடையது. ஆகவே வித்தியாசங்களை மட்டும் ஒரு ‘ஒட்டு’க் கோப்பாகத் தருகிறார்கள். ‘ஐபிஎஸ்’ என்ற பழைய வடிவம் அதற்குப் பிரபலம். நம் சாகாத மாரியோவை அதில் எழுதிப் பார்ப்போம். முதலில் ‘பேட்ச்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்து. பிறகு இடத்துக்கு மூன்று பைட்: 0, 17, 233, அதாவது 4,585. எத்தனை பைட் மாறுகிறது என்பதற்கு இரண்டு: 0, 1. புதிய எண்: 173. கடைசியில் ‘முடிந்தது’ என்பதற்கு மூன்று எழுத்து. கூட்டினால் 14 பைட். ‘அம்மா’ என்ற சொல்லை உங்கள் செல்போனில் தட்டினால் 15 பைட் ஆகிறது. ஒரு கேமின் மரணத்தையே ரத்துசெய்யும் கோப்பு அதைவிட ஒரு பைட் சிறியது.

இந்த வடிவத்துக்குள் ஒரு விநோதப் பொறியும் ஒளிந்திருக்கிறது. முடிவைக் குறிக்கும் அந்த மூன்று எழுத்தை எண்ணாகப் படித்தால் 45,42,278 வரும். பெரிய கேம் ஒன்றில் தற்செயலாக அதே இடத்தில் ஒரு மாற்றம் தொடங்கினால், ஒட்டுப் போடும் நிரல் அதை முகவரி என்று எண்ணாமல் ‘கோப்பு முடிந்தது’ என்று கிளம்பிவிடும். தெரிந்தவர்கள் ஒரு பைட் முன்னால் தொடங்கித் தப்பிக்கிறார்கள்.

ஹேக்குகளிலேயே அதிக உழைப்பைக் கேட்பது மொழிபெயர்ப்பு. ‘மதர் 3’ என்ற கேம் 2006இல் ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தது. கிளைட் மாண்டெலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தலைமையில் ஒரு ரசிகர் குழு 2008 அக்டோபரில் அதை முழுதாக ஆங்கிலமாக்கி இலவசமாகக் கொடுத்தது. வசனத்தை மாற்றினால் மட்டும் போதவில்லை. ஜப்பானிய எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம். ஆங்கிலத்தில் மெலிந்த ‘ஐ’யும் பருத்த ‘டபிள்யூ’வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுத்துக்கேற்ப அகலத்தை மாற்றி அச்சிடும் நிரலையே புதிதாக எழுதிச் சேர்த்தார்கள்.

தமிழுக்கு என்ன ஆகும் என்று நானே ஒரு மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபேமிகாமின் ஒரு டைல் பட்டியலில் 256 இடம். நம்மிடம் 247 எழுத்து. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் படம் வரைய ஒன்பதே மிச்சம்! ஆனால் கொ, கோ, கை எல்லாம் தனி வடிவங்கள் அல்ல, துண்டுகளின் சேர்க்கை. உயிர் எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் க, கி, கீ, கு, கூ வரிசைகளுக்கும் புள்ளி எழுத்துகளுக்கும் மட்டும் தனி வடிவம் வைத்துக்கொண்டு, துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனியே வைத்தால் 125 வடிவங்களில் அரிச்சுவடி முழுதும் அடங்கிவிடுகிறது. பழைய தட்டச்சுப் பொறியும் இதே தந்திரத்தில்தான் வாழ்ந்தது. பிறகு காகிதத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு ‘ணூ’ வரையப் பார்த்தேன். மூன்று சுழிக்கே கட்டம் தீர்ந்துவிட்டது. குறைந்தது இரண்டு டைலாவது வேண்டும்.

சிலர் கேமை மாற்றுவதோடு நிற்காமல், அது எந்த எந்திரத்தில் ஓடுகிறது என்பதையே மாற்றுகிறார்கள். ‘கிராடியஸ் 3’ என்ற விண்கலச் சண்டை, ஃபேமிகாமுக்கு அடுத்த தலைமுறையான சூப்பர் நின்டெண்டோவில் வந்தது. திரையில் குண்டுகள் கூடினால் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகும். விட்டோர் விலேலா என்ற பிரேசில் நிரலாளர் 2019இல் அதற்கு ஒரு ஒட்டு வெளியிட்டார். அந்தக் காலத்தில் வேறு சில கேசட்டுகளுக்குள் ‘எஸ்ஏ-1’ என்ற துணைச் சில்லு இருந்தது. கருவியின் சொந்தச் சில்லு இந்தக் கேமை ஓட்டியது நொடிக்கு 26.8 லட்சம் துடிப்பில், எஸ்ஏ-1இன் வேகமோ 1.07 கோடி, நான்கு மடங்கு. ‘கிராடியஸ் 3’ கேசட்டில் அந்தச் சில்லு இருந்ததே இல்லை. இருந்திருந்தால் கேம் எப்படி எழுதப்பட்டிருக்குமோ அப்படி விலேலா நிரலை இடம் மாற்றினார். மூச்சுத் திணறல் அறவே போயிற்று. குண்டுகள் இப்போது முழு வேகத்தில் வருகின்றன. கேம் மெதுவாகும் நேரத்தில் நிதானமாக விலகிப் பழகியவர்களுக்கு அந்த அவகாசம் இனி இல்லை.

விலேலாவின் வேலையைப் பார்க்கும்போது மைக்காவின் ஒரு இரவு சிறியதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையின் மேல் மூலையில் மாரியோவைக் குறிக்க ‘எம்’ என்று ஓர் எழுத்து இருக்கும். விளையாடும்போது யார் கண்ணும் அங்கே போகாது. மகளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம், மூன்று வயது. மைக்கா அதையும் தேடிப் பிடித்து, பாலீனுக்காகப் ‘பி’ என்று மாற்றி வைத்தார்.

கடைசிக் கட்டத்தில், சாரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதும் கொரில்லா தலைகீழாகக் கீழே விழும். ஏறி வந்தவரும் காத்திருந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், நடுவே ஒரு சிறு இதயம் தோன்றும். அந்த இதயத்தின் டைலில் மட்டும் மாற்ற எதுவும் இருக்கவில்லை.